கட்டுக்கருவிகளின் நினைவும் மறதியும்

ஒன்றை மறவாதிருத்தல் அறிவுடைமை என்று நம்மனோர் சிறுபருவந் தொட்டே கற்பிக்கப்படுகின்றோம். ஆயினும், மறக்கவேண்டியதை மறவாதிருத்தலும் பிழையேயாம் என்பதை உலகியலில் அடிக்கடி காண்கின்றோம். விலை ஏறியதை அறியாது பழைய விலைக்கே பண்டம் கேட்பவன் கடைக்காரனால் நகைக்கப்படுகின்றான். வீடு மாறிய நண்பனுக்குப் பழைய முகவரிக்கே மடல் விடுப்பவன் மறுமொழி பெறுவதிலன். நினைவு உண்மையோடு பொருந்தி நிற்குங்காறும் துணையாவது. உண்மை மாறிய பின்னும் தான் மாறாது நிற்குமாயின் பகையாவது.

இது மாந்தர்க்கேயன்றிக் கணினிக்கும் ஒக்கும். நிரல்களைக் கட்டும் கருவிகளின்கண் 'மாறி' எனப்படுவது யாது, 'கேச்' எனப்படும் வைப்பேடு யாது, இவ்விரண்டும் எங்ஙனம் இயங்குகின்றன என்பவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம். தமிழ் பயில்வான் ஒருவனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று வினவுவார்க்கு விடை பின்னர்ப் பெறப்படும்.

கட்டுதல் யாது?

நிரல் இயற்றுவோர் தாம் கருதியதை மாந்தர் படித்தறியத்தக்க மொழியொன்றில் எழுதுகின்றனர். அவ்வாறு எழுதப்பட்டதனை மூலம் என்பர். கணினியோ அம்மொழியை நேரே அறியாது. ஆகலின், மூலத்தைக் கணினியின் பொறிமொழிக்கு மாற்றித் தருங் கருவி ஒன்று வேண்டப்படும், அதுவே கம்பைலர். பெரிய நிரலொன்று பல நூறு கோப்புக்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றி, வேண்டிய துணை நூலகங்களோடு இணைத்து, இயங்கும் நிரலாக ஆக்கித் தரும் தொழில் முழுவதையும் 'கட்டுதல்' என்னும் ஒரு சொல்லால் வழங்குவர்.

இத்தொழிலைக் கையாற் செய்யுங்கால் விளையும் இடர் யாது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்திலே ஸ்டூவர்ட் ஃபெல்டுமன் என்பார் பணியாற்றிய காலத்து, அவர்தம் தோழரும் 'யாக்' என்னுங் கருவியை இயற்றியவருமான ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் பெருஞ் சினத்தோடு அவர் அறைக்குட் புகுந்தார். பிழையற்றதொரு நிரலில் பிழை தேடி ஒரு முற்பகல் முழுவதையும் அவர் வீணாக்கியிருந்தார். மூலத்திலே பிழை முன்னரே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பு மட்டும் மீண்டும் கம்பைலரிடம் கொடுக்கப்படவில்லை. எனவே, திருத்தம் ஏட்டில் இருக்கப் பிழையே இயங்கிக்கொண்டிருந்தது. இவ்விடரைக் களையும் பொருட்டு ஃபெல்டுமன் 1976 ஆம் ஆண்டில் இயற்றிய கருவியே 'மேக்' என்பது. இக்கருவிக்காக ஏ.சி.எம். என்னும் கணிப்பியற் சங்கத்தார் 2003 ஆம் ஆண்டின் மென்பொருள் அமைப்புப் பரிசினை அவர்க்கு அளித்தனர்.

மேக்கின் முறை எளியது. எக்கோப்பு எக்கோப்பினின்று பிறக்கும் என்பதை நிரல் இயற்றுவோர் ஓர் ஏட்டில் எழுதி வைப்பர். கருவியானது இரண்டின் நேரக்குறிப்பையும் ஒப்பிட்டு நோக்கும். மூலம் பிந்தியதாகவும் விளைவு முந்தியதாகவும் இருப்பின், விளைவினை மீண்டும் கட்டும். இன்றேல் வாளா இருக்கும். மாறியதை மட்டும் செய்தலும், மாறாததைச் செய்யாது விடுதலுமே கட்டுக்கருவியின் அறம் எனலாம்.

மாறி என்னும் பெயர்

இனி, மாறியைப் பற்றிச் சிறிது கூறுவாம். ஒரே செய்தி ஓர் ஏட்டினுள் பன்முறை வருமாயின், அதனை ஒவ்வோரிடத்தும் எழுதுதல் மிகையாம். அன்றியும், பின்னர் அது திரியுங்கால் ஓரிடத்துத் திருத்தி மற்றோரிடத்து விட்டுவிடுதலும் நேரும். இலக்கணத்தில் இயற்பெயரைப் பின்னும் பின்னும் கூறாது 'அவன்', 'அது' எனச் சுட்டுப்பெயராற் சுட்டுகின்றோம் அல்லமோ? அதுபோலவே, கட்டுவோரும் ஒரு மதிப்பிற்கு ஒரு பெயரிட்டு, வேண்டுமிடந்தோறும் அப்பெயரையே வழங்குவர். மதிப்பு மாறத்தக்கது ஆகலின் அப்பெயர் மாறி எனப்பட்டது.

குனூ மேக் என்னும் வழக்கில் மாறிகள் இருவகைப்படும். முதல்வகை, பெயர் கூறப்படுந்தோறும் விரிவது. இரண்டாம் வகை, எழுதப்பட்டபொழுதே விரிந்து நிலைபெறுவது. முன்னதற்குச் சமக்குறி மட்டும் இடுவர். பின்னதற்கு முக்காற்புள்ளியுஞ் சமக்குறியும் சேர்த்து இடுவர். இவ்வேற்றுமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். 'ஆண்டு' என்னும் மாறிக்கு 2024 என மதிப்பிடுக. அதன்கீழ், 'தலைப்பு' என்னும் மாறிக்குக் 'கல்லூரி மலர்' என்னுஞ் சொற்களையும் ஆண்டு என்னும் மாறியையும் சேர்த்து மதிப்பாக வைக்க. அதன்கீழ் ஆண்டினை 2025 எனத் திருத்துக. இப்பொழுது தலைப்பு யாது? சமக்குறி மட்டும் இட்டிருப்பின் 'கல்லூரி மலர் 2025' என வரும். முக்காற்புள்ளி சேர்த்திருப்பின் 'கல்லூரி மலர் 2024' என்றே நிற்கும். கடைக்காரரிடம் 'அன்றன்றை விலைப்படி அரிசி தருக' என்று எழுதிவைப்பதற்கும், 'இன்றை விலைப்படியே என்றும் தருக' என்று எழுதிவைப்பதற்கும் உள்ள வேற்றுமை இதுவே என்க.

வேறு இரண்டு குறிகளும் உள. வினாக்குறி சேர்ந்த சமக்குறி, அம்மாறிக்கு முன்னரே மதிப்பு இல்லையாயின் மட்டும் இதனைக் கொள்க எனப் பொருள்படும். கூட்டற்குறி சேர்ந்தது, உள்ள மதிப்பின் இறுதியில் மேலும் சேர்க்க எனப் பொருள்படும்.

மதிப்பு வரும் வாயில்களும் பல. கணினியின் சூழலிலிருந்து வருவது ஒன்று. ஏட்டில் எழுதப்பட்டது ஒன்று. கட்டுவோன் கட்டளையிடும்பொழுது தானே கொடுப்பது ஒன்று. இவை மாறுபடுங்கால், சூழலினும் ஏடு வலிது; ஏட்டினும் கட்டளை வலிது. ஏடெழுதினோர் 'ஓவர்ரைடு' என்னுஞ் சொல்லை முன்வைத்து எழுதினால் மட்டும் ஏடு கட்டளையை வெல்லும்.

ஈண்டு ஒரு குறையும் சொல்லற்பாலது. மேக் கோப்புக்களின் நேரத்தை நோக்குமேயன்றி மாறிகளின் மதிப்பை நோக்காது. நேற்று ஒரு மதிப்போடும் இன்று வேறொரு மதிப்போடும் கட்டச் சொல்லினும், கோப்பு எதுவும் புதிதாக எழுதப்படாதிருப்பின், எல்லாம் செவ்வனே உள என்று சொல்லி ஓய்ந்துவிடும். பிற்காலத்து எழுந்த 'நிஞ்சா' என்னுங் கருவி, முன்பு இட்ட கட்டளையையும் நினைவில் வைத்து, அது திரிந்தாலும் மீண்டும் கட்டுகின்றது.

சீமேக்கின் இருவகை மாறி

நிற்க. இக்காலத்துப் பெரிதும் வழங்கும் 'சீமேக்' என்னுங் கருவியை இனி நோக்குவாம். இதனைக் கிட்வேர் என்னும் நிறுவனத்தார் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பொருளுதவியோடு நடைபெற்ற மருத்துவப் படிமப் பணியொன்றிற்கு, பலவகைக் கணினிகளிலும் ஒருபடித்தாகக் கட்ட உதவுங் கருவி வேண்டப்பட்டது. அத்தேவையே இதனைப் பிறப்பித்தது. சீமேக் தானே எதனையும் கட்டுவதன்று. கணினியின் இயல்பை ஆராய்ந்து, அதற்கேற்ப மேக்குக்கோ நிஞ்சாவுக்கோ உரிய ஏட்டினை எழுதித் தருவதே இதன் தொழில். எனவே இதன்கண், அமைத்தல் ஒரு படியும் கட்டுதல் மற்றொரு படியுமாக இரண்டு படிகள் உள்ளன.

சீமேக்கில் இயல்பு மாறி என்றும், வைப்பு மாறி என்றும் இருவகை உண்டு.

இயல்பு மாறி, அமைத்தல் நிகழும்பொழுது பிறந்து, அது முடியும்பொழுது மாய்வது. அதற்கு ஓர் எல்லையும் உண்டு. தலையடைவில் இட்ட மதிப்பு அதன் உள்ளடைவுகளுக்கும் செல்லும். உள்ளடைவில் அதனை மாற்றியெழுதினாலோ, அம்மாற்றம் தலையடைவுக்கு ஏறி வாராது. செயற்கூறுகளுக்கும் இவ்விதி ஒக்கும். தொல்காப்பிய உரைகளில், ஒரு சூத்திரத்துச் சொல் பின்வருஞ் சூத்திரங்களுக்கும் 'அதிகாரத்தான்' வந்து இயையும் என்று உரையாசிரியர் கூறுதலை நாம் அறிவோம். அச்சொல் கீழ்நோக்கி ஒழுகுமேயன்றி மேல்நோக்கி ஏறாது. இயல்பு மாறியின் நெறியும் அன்னதே. மேலேயும் மாற வேண்டுமாயின், 'பேரண்ட் ஸ்கோப்' என்னுஞ் சொல்லைச் சேர்த்து வெளிப்படையாகக் கூறல் வேண்டும். இன்னும், மதிப்பிடப்படாத பெயரை வழங்கினால் சீமேக் பிழை கூறாது. அதனை வெறுமையாகக் கொண்டு மேற்செல்லும். ஓரெழுத்துப் பிழையால் ஒருநாள் உழைப்புக் கெடுவது இவ்வழியேயாம்.

வைப்பு மாறியோ அமைத்தல் முடிந்த பின்னும் மாயாது. கட்டும் அடைவினுள் 'சீமேக்கேச்' என்னும் பெயரால் ஓர் எளிய எழுத்துக்கோப்பு உண்டாகும். அதன்கண் ஒவ்வொரு வரியிலும் பெயர், வகை, மதிப்பு என்னும் மூன்றும் முறையே எழுதப்பெறும். வகையாவன: ஆம் அன்று என்னும் இரண்டனுள் ஒன்றைக் கொள்வது, அடைவின் வழி, கோப்பின் வழி, சொற்றொடர், கருவி தனக்குள்ளே வைத்துக்கொள்வது என்பன. எல்லா அடைவுகளும் இவ்வேட்டைக் காணும். மறுநாள் அமைக்கும்பொழுதும் இதுவே முதலில் திறக்கப்படும்.

இங்ஙனம் ஓர் ஏடு வைத்தற்குக் காரணம் இரண்டு. ஒன்று, காலச் செட்டு. கம்பைலர் எவ்விடத்துளது, அது யாது செய்ய வல்லது, இன்ன நூலகம் உளதோ இலதோ என்பவற்றையெல்லாம் சீமேக் சிறுசிறு நிரல்களைக் கட்டிப் பார்த்தும், அடைவுகளைத் துருவியும் அறிகின்றது. இதனை நாடோறும் செய்தல் வீண். ஆதலின், ஒருமுறை கண்டதை எழுதி வைத்துக்கொண்டு, மறுமுறை தேடாது விடுகின்றது. தேடிய பொருள் கிடையாவிடின், கிடைத்திலது என்பதையும் குறித்துவைத்து, அடுத்த முறை மீண்டும் தேடும். மற்றொன்று, கட்டுவோனது விருப்பத்தைப் போற்றுதல். அவன் ஒருமுறை தெரிந்தெடுத்ததை மீண்டும் மீண்டும் கேளாது காத்தற்கு இவ்வேடு பயன்படும்.

இவ்விரண்டாங் காரணத்தினின்றே முதன்மையான விதியொன்று பிறக்கின்றது. ஏடெழுதினோர் ஒரு வைப்பு மாறிக்கு மதிப்பிட்டிருப்பினும், அப்பெயருக்கு வைப்பேட்டில் முன்னரே மதிப்பு உளதாயின், முன்னுள்ளதே நிற்கும், புதியது கொள்ளப்படாது. ஏட்டில் உள்ளது பொதுவகையான தொடக்க மதிப்பு மட்டுமே. கட்டுவோன் கொடுத்தது அவனது தெரிவு. தெரிவினைத் தொடக்க மதிப்பு அழித்தலாகாது என்பது கருத்து. 'ஃபோர்ஸ்' என்னுஞ் சொல்லைச் சேர்த்தால் மட்டும் பழையது அழிந்து புதியது ஏறும்.

ஒரே பெயரில் இயல்பு மாறியும் வைப்பு மாறியும் இருப்பின் யாது கொள்ளப்படும்? இயல்பு மாறியே கொள்ளப்படும். சிறப்பு விதி பொது விதியை விலக்கும் என்னும் நம் இலக்கண மரபினை இதனோடு ஒப்பிடலாம். ஆயினும், முற்காலத்து ஒரு சிக்கல் இருந்தது. வைப்பு மாறி முதன்முதலாக ஏட்டில் ஏறும்பொழுது, அப்பெயருடைய இயல்பு மாறி அவ்விடத்தே நீக்கப்பட்டுவிடும். மறுமுறை அமைக்கும்பொழுது ஏட்டில் மதிப்பு முன்னரே இருத்தலின் இயல்பு மாறி நீக்கப்படாது. எனவே, யாதொரு மாற்றமும் செய்யாமலே முதன்முறை ஒரு விளைவும் இரண்டாமுறை வேறொரு விளைவும் உண்டாயின. 2021 ஆம் ஆண்டில் வெளிவந்த 3.21 ஆம் பதிப்பிலிருந்து, புதிய நெறியை மேற்கொள்ளும் பணிகளுக்கு இக்குறை நீக்கப்பட்டுள்ளது.

யான் பட்டறிந்தது

தமிழ் பயில்வானுக்கு இத்துறையில் என்ன வேலை என்னும் வினாவிற்கு இனி விடை கூறுவேன். பழைய நூலொன்றிற்குச் சொல்லடைவு ஆக்குதற்கெனச் சில மாணவர் கூடிச் சிறு நிரலொன்று இயற்றினோம். நூலின் பாடம் தனிக்கோப்பாக இருந்தது. நிரலைக் கட்டும்பொழுது அக்கோப்பு அதனுள் வைக்கப்படும். அக்கோப்பின் வழியை ஒரு வைப்பு மாறியாக அமைத்திருந்தோம். பாடத்தை மெய்ப்புப் பார்த்துத் திருத்தும் பொறுப்பு எனக்கு இளையவனான மாணவன் ஒருவனிடமும், நிரலைக் கட்டுதல் என்னிடமும் விடப்பட்டன.

தொடக்கத்தில் ஆராய்ச்சிக்காக யான் பிழை மலிந்த ஒரு கரட்டுப் படியைக் கட்டளை வழியாகக் கொடுத்துக் கட்டினேன். பின்னர் அவ்விளைஞன் திருத்திய செம்படி வந்தது. ஏட்டிலே கோப்பின் வழியைச் செம்படிக்கு மாற்றி எழுதினேன், கட்டினேன், பிழைகள் அவ்வாறே நின்றன. ணகர னகர மயக்கங்களும், விடுபட்ட ஒற்றுக்களும் முன்போலவே சொல்லடைவில் வந்தன. மறுநாளும் அதுவே. ஆசிரியரிடம் படியை ஒப்படைக்கும் நாளோ அண்மித்தது. யான் அவ்விளைஞனை அழைத்து, பலர் கேட்ப, 'நீ திருத்தவே இல்லை; திருத்தினேன் என்று பொய் கூறினாய்' என்று கடிந்தேன். அவன், 'அண்ணா, என் கணினியில் சரியாகத்தான் வருகிறது. நீங்களே வந்து பாருங்கள்' என்றான். யான் சென்று பார்த்தேனல்லேன். அவன் வாய்மூடி அகன்றான். அதன்பின் இரண்டு நாள் எங்கள் கூட்டத்திற்கு வந்திலன்.

நான்காம் நாள் இரவு, வேறு வழியறியாது கட்டும் அடைவைத் திறந்து, வைப்பேட்டை வரிவரியாகப் படித்தேன். அதனிடையே கரட்டுப் படியின் வழி, யான் முதல்நாள் கட்டளையிற் கொடுத்தபடியே, ஓரெழுத்தும் மாறாது நின்றது. பிழை என்னுடையதே. கருவி என் சொல்லை மறவாது காத்தது; யானே என் சொல்லை மறந்திருந்தேன். அவன் புதிதாகக் கட்டினான் ஆதலின் அவனுக்கு வைப்பேட்டில் பழஞ்சொல் ஒன்றும் இல்லை. ஏட்டில் உள்ளது அவ்வாறே ஏறிற்று. 'என் கணினியில் சரியாகத்தான் வருகிறது' என்று அவன் கூறியது பொய்யன்று. நோய் எங்குளது என்பதற்கு அதுவே குறியாயிருந்தது. யான் அதனைக் கேளாது போனேன். மறுநாள் காலை, முன்பு கடிந்தபொழுது உடனிருந்தோர் அனைவர் முன்னிலையிலும் அவனிடம் பொறுத்தருள வேண்டினேன். அவன் பொறுத்தான், ஆயினும் அவன் முகம் வாடிய காட்சியை யான் எளிதில் மறக்கற்பாலேன் அல்லேன்.

காத்துக்கொள்ளும் வழிகள்

ஏட்டுப்படி எழுதுவோன், மூலவோலை திருத்தப்பட்டதறியாது, தன்னிடமுள்ள பழம்படியையே பார்த்துப் பெயர்த்தெழுதுவானாயின் பிழை வழிவழியாகப் பெருகும். இவ்விடர் கணினிக்கும் உண்டாகலின், கட்டுவோர் மேற்கொள்ளத்தக்க சில நெறிகளைக் கூறி முடிப்பாம்.

முதலாவது, ஐயம் தோன்றியவுடன் வைப்பேட்டைப் படித்தல் வேண்டும். அது மறைபொருளன்று, எவரும் திறந்து படிக்கத்தக்க கோப்பேயாம். சீமேக்கிடம் 'எல்' என்னுங் குறியோடு கேட்பின், அதுவே பட்டியலாகக் காட்டும்.

இரண்டாவது, ஒரு மதிப்பை மட்டும் மாற்ற விரும்பின், கட்டளையில் 'டி' என்னுங் குறியோடு மீண்டும் கொடுத்தல் வேண்டும். அது வைப்பேட்டிலுள்ள பழையதை மாற்றிவிடும். ஒரு பெயரை அறவே நீக்க 'யூ' என்னுங் குறி உளது. பெயரைப் பிழைபட எழுதிக் கொடுப்பின், இம்மாறி எவராலும் பயன்படுத்தப்படவில்லை என்று சீமேக் இறுதியில் எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கையைப் படியாது விடுதல் கூடாது.

மூன்றாவது, மூலத்தையும் கட்டும் அடைவையும் வேறு வேறாக வைத்தல் வேண்டும். அங்ஙனம் வைப்பின், கட்டும் அடைவு முழுவதையும் அழித்துப் புதிதாகத் தொடங்கினாலும் மூலத்திற்கு ஊறில்லை. கம்பைலரையே மாற்றுங்கால் இதுவே நேர்வழி. 2022 ஆம் ஆண்டில் வந்த 3.24 ஆம் பதிப்பில், பழைய நினைவை நீக்கிப் புதிதாக அமைக்க 'ஃபிரெஷ்' என்னுங் குறி சேர்க்கப்பட்டுள்ளது.

நான்காவது, ஏடெழுதுவோர் 'ஃபோர்ஸ்' என்பதை எளிதிற் கையாளலாகாது. எங்கள் இடர்க்கு அதுவே மருந்து என்று யான் முதலில் எண்ணினேன். ஆனால், கட்டுவோர் தெரிந்தெடுத்ததையெல்லாம் ஒவ்வொரு முறையும் அழிப்பது அவர்க்குச் செய்யும் தீங்காம். ஒருவன் மறதிக்காகப் பலர் உரிமையைப் பறித்தல் முறையன்று.

ஐந்தாவது, பலர் கூடிச் செய்யும் பணியில், தெரிவுகளை ஒருவன் நினைவில் மட்டும் விடாது பொதுக் கோப்பில் எழுதிவைத்தல் நன்று. 2020 ஆம் ஆண்டில் வந்த 3.19 ஆம் பதிப்புமுதல் 'பிரீசெட்' என்னுங் கோப்பு இதற்கென அமைந்துளது. எல்லாரும் ஒரே தெரிவோடு கட்டுதற்கு அது துணைபுரியும்.

முடிவுரை

இவ்விடர் சீமேக்கிற்கே உரியதன்று. அதற்கு முன்னரே வழங்கிய 'ஆட்டோகான்ஃப்' என்னுங் கருவியும் தன் ஆராய்ச்சி முடிவுகளை வைப்பேட்டில் எழுதிவந்தது. பழையதாய்ப்போன ஏட்டைக் கட்டுவோர் அறியாது பயன்படுத்தி இடர்ப்படுதலைத் தவிர்க்கும் பொருட்டு, 2001 ஆம் ஆண்டில் வந்த 2.50 ஆம் பதிப்பிலிருந்து, கேட்டாலன்றி வைப்பேடு எழுதுவதில்லை என அதன் ஆசிரியர் மாற்றியமைத்தனர். விரைவு வேண்டுவோர் கேட்டுப் பெறுக. ஏனையோர் சற்றுப் பொறுத்துப் புதிதாக அறிக என்பது அவர் கொள்கை. இருவேறு கருவியாரும் இருவேறு முடிவு கண்டமை நோக்கத்தக்கது. நினைவு முற்றும் நன்று என்றாதல் முற்றும் தீது என்றாதல் கூறுதற்கில்லை. எதனை, எவ்வளவு காலம், எவர் சொல்லால் நினைவில் வைத்துளோம் என்பதை அறிந்திருத்தலே வேண்டற்பாலது.

ஸ்டீவ் ஜான்சன் இழந்தது ஒரு முற்பகல். யான் இழந்தது நான்கு நாள். அதனோடு ஓர் இளையவன் என்மேல் வைத்திருந்த நம்பிக்கையையும் இழக்க இருந்தேன். மாணவ நண்பர்காள், நுங்கள் கணினியில் ஒன்று பொருந்தாது தோன்றுமாயின், பிறரை ஐயுறுமுன் வைப்பேட்டைத் திறந்து நோக்குமின். ஆங்கே நுங்கள் பழஞ்சொல்லே நுங்களுக்கு எதிராக நிற்றலும் கூடும்.